மீட்டர் முனை பட்டதும் மூடிக்கொண்ட எண்ணெய்

மின்சாரம் கொடுத்தால் நீல எண்ணெய் ஒதுங்கி வெள்ளை தெரியும் ஒரு பிக்சலைக் கையால் செய்துகொண்டிருக்கிறேன். போன சனிக்கிழமை அதன் ஆறாம் நம்பர் தட்டு ஆறு மணி நேரம் விடாமல் 30 வோல்ட்டில் ஓடியது. ஆரம்பத்தில் வெள்ளைப் பரப்பு 62 சதவீதம், நிறுத்தும்போது 60. இந்த இரண்டு எண்களும் இவ்வளவு பக்கத்தில் வருவதற்கு நாலரை மாதம் ஆகியிருக்கிறது. அதில் பத்து நாள் இல்லாத எதிரியோடு சண்டை போட்டேன். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மின்சாரம் கடத்தும் ஐ.டி.ஓ. (இண்டியம் டின் ஆக்சைடு) பூச்சுள்ள கண்ணாடித் துண்டு. அதன்மேல் தண்ணீர் ஒட்டாத ஒரு மெல்லிய காப்புப் பூச்சு. அதன்மேல் 2 மி.மீ. துளை போட்ட டேப். துளைக்குள் நீலச் சாயம் கலந்த எண்ணெய் (டோடெக்கேன்), எண்ணெய்க்கு மேல் தண்ணீர். கண்ணாடிக்கு அடியில் வெள்ளைத் தாள். வோல்டேஜ் இல்லாதபோது எண்ணெய் துளை முழுக்கப் பரவி நீலமாகத் தெரியும். கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் இடையே வோல்டேஜ் கொடுத்தால் தண்ணீர் கீழே இறங்கிப் பூச்சைத் தொடும். எண்ணெய் ஒரு ஓரமாக ஒதுங்கும். வெள்ளைத் தாள் தெரியும். எலெக்ட்ரோவெட்டிங் திரையின் ஒரு பிக்சல் இவ்வளவுதான். 2003-இல் பிலிப்ஸ் ஆய்வகத்தின் ஹேயஸ், ஃபீன்ஸ்ட்ரா இருவரும் 'நேச்சர்' இதழில் இதை வைத்து வீடியோ ஓடும் மின்தாள் (இ-பேப்பர்) செய்யலாம் என்று காட்டினார்கள். 2006-இல் அதிலிருந்து லிக்குவாவிஸ்டா என்ற நிறுவனம் பிரிந்தது; அது சாம்சங் கைக்குப் போய், 2013-இல் அமேசான் கைக்கு வந்தது. இத்தனை பெரிய கைகள் மாறியும் கடைத்தெருவுக்கு வராத சாமான் எப்படித்தான் இருக்கும் என்ற ஆசைதான் என்னை இதில் இழுத்துவிட்டது. நான் ஒரு பாலிடெக்னிக்கில் ஆய்வகப் பயிற்றுநர். மாலை நாலரைக்கு மேல் ஆய்வகம் என்னுடையது.

பூச்சுக்கு டெஃப்லான் ஏ.எஃப். 1600. இதை விலைக்கு வாங்க என்னால் முடியாது. பழைய மாணவர் ஒருவர் தன் ஆய்வகத்தில் மிச்சமாகக் கிடந்த 3 சதவீதக் கரைசலில் 8 மில்லி கொடுத்தார். தட்டுக்கு ஒரு தடவைக்கு 0.3 மில்லி போகும். மனத்துக்குள் கணக்குப் போட்டபடிதான் ஒவ்வொரு சொட்டையும் விட்டேன்.

சுழற்றுவதற்குக் கம்ப்யூட்டர் கூலிங் ஃபேன். இறக்கைகளை வெட்டி எறிந்துவிட்டு, நடுக்குமிழில் இரட்டைப் பக்க டேப் ஒட்டி, 25 மி.மீ. கண்ணாடியை உட்காரவைத்தேன். வேகம் 1,000 ஆர்.பி.எம்.; கையடக்க டாக்கோமீட்டரில் பார்த்துச் சரிசெய்தது. ஒரு ஓரத்தில் கிளிப் மாட்டுவதற்காக 4 மி.மீ. அளவுக்கு டேப் போட்டு மறைத்துக்கொள்ள வேண்டும். முதல் தட்டில் அதை மறந்து, பிறகு பிளேடால் சுரண்டி, ஐ.டி.ஓ.வையும் சேர்த்துச் சுரண்டிவிட்டேன்.

முதல் தட்டு மொத்தமே மூன்று நிமிடம்தான் உயிரோடிருந்தது. தண்ணீர் பிளஸ், கண்ணாடி மைனஸ், 20 வோல்ட். யூ.எஸ்.பி. மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரிடத்தில் நுண்ணிய குமிழிகள் சரம்சரமாக எழும்பின. அந்தப் புள்ளியைச் சுற்றிக் கண்ணாடி பழுப்பேறி, பிறகு கருத்தது. பூச்சில் ஊசி முனை அளவு ஓட்டை. தண்ணீர் அதன் வழியே ஐ.டி.ஓ.வைத் தொட்டுவிட்டது, மைனஸில் இருக்கும் ஐ.டி.ஓ. தன் ஆக்சிஜனை இழந்து உலோகமாகக் கருத்துப்போகும். ஓட்டைக்குக் காரணம் தூசு. கரைசலை 0.2 மைக்ரான் வடிகட்டி வழியே விட்டேன். ஃபேனைப் பழைய மீன்தொட்டிக்குள் வைத்து மேலே கண்ணாடி போட்டு மூடினேன். ஒன்றுக்கு இரண்டு பூச்சாகவும் போட்டேன். இரண்டாவது பூச்சைத் தட்டு சுழன்றுகொண்டிருக்கும்போதே விட வேண்டும். நின்ற தட்டில் ஊற்றிவிட்டுச் சுழற்றினால் அதே கரைப்பான் கீழ்ப் பூச்சையும் கரைத்து அள்ளிக்கொண்டு போய்விடும்.

பூச்சின் கனத்தை அளக்க எங்களிடம் கருவி இல்லை. 6 மி.மீ. உள்விட்டமுள்ள பிளாஸ்டிக் வளையத்தை வைத்து, உள்ளே உப்புத்தண்ணீர் நிரப்பி, எல்.சி.ஆர். மீட்டரில் கப்பாசிட்டன்ஸ் எடுத்தேன். 600 பிக்கோஃபாரட். இந்தப் பொருளின் மின்கடத்தாமை மாறிலி 1.93, கணக்குப் போட்டால் 0.8 மைக்ரான். சதுர செ.மீ.க்கு 2.1 நானோஃபாரட் என்ற எண்ணும் இதிலேயே கிடைத்துவிட்டது. பின்னால் அது பெரிதாகக் கைகொடுத்தது.

ஹாட் பிளேட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்த டெஃப்லான் சுமார் 160 டிகிரியில்தான் இளகும். பிளேட்டின் முகப்பில் 170 என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். கண்ணாடியின் மேல் தெர்மோகப்பிள் வைத்துப் பார்த்தால் 158. அதற்குப் பிறகு முகப்பில் 185 வைத்து, மேலே அலுமினிய மூடி கவிழ்த்து, கண்ணாடியில் 170 வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஒரு மணி நேரக் கணக்கை ஆரம்பிப்பேன்.

டெஃப்லானில் எந்தப் பசையும் ஒட்டாது என்பார்கள். காப்டன் டேப்பின் சிலிக்கோன் பசை ஒட்டுகிறது. தோல் துளைக்கும் பஞ்ச் கருவியால் 2 மி.மீ. துளை. டேப் 60 மைக்ரான் கனம் என்பதால் துளைக்குள் பிடிக்கும் எண்ணெய் 0.19 மைக்ரோ லிட்டர்தான். வேதியியல் துறையில் கடன் வாங்கிய 1 மைக்ரோ லிட்டர் கண்ணாடி சிரிஞ்சில் 0.2 எடுத்து விடுவேன். முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டு அதற்குள் எண்ணெயை விடப் பார்த்தேன். தண்ணீர் ஒட்டாத பள்ளத்தில் காற்று மாட்டிக்கொண்டு முத்து மாதிரி பளபளத்தது. எண்ணெய் முதலில், பிறகு ஓரத்திலிருந்து தண்ணீரை மெல்ல வழியவிடுவது என்று மாற்றிய பிறகு சரியானது. அப்படியும் எண்ணெய் டேப்பின் மேல் ஏறி வெளியே ஓடியது. காப்டனுக்குத் தண்ணீர் மேல் அவ்வளவு பிரியம் இல்லை. 5 சதவீத காஸ்டிக் சோடாவில் நனைத்த காட்டன் பட்ஸால் டேப்பின் மேற்பரப்பை 10 நிமிடம் தேய்த்துக் கழுவினால் தண்ணீர் நன்றாகப் படிகிறது, எண்ணெய் துளையைத் தாண்டுவதில்லை. டேப்பை ஒட்டுவதற்கு முன்பே தேய்த்துவிடுங்கள். ஒட்டிய பிறகு தேய்த்த தட்டுகளில் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே ஆரம்பத்திலேயே ஒரு வோல்ட் சாய்வு இருந்தது. காஸ்டிக் பூச்சைத் தொட்டதுதான் காரணம் என்று சந்தேகப்படுகிறேன்.

மேலே இன்னொரு ஐ.டி.ஓ. கண்ணாடி, நடுவில் 1 மி.மீ. சிலிக்கோன் ரப்பர் வளையம், இரண்டு பக்கமும் பைண்டர் கிளிப். செல் தயார்.

இனி சார்ஜ் கதை.

ஓட்டுவதற்கு முதலில் வைத்தது ஆய்வகத்தின் 30 வோல்ட் பவர் சப்ளையும், நடுவில் ஆஃப் உள்ள இருபக்க டாகிள் சுவிட்சும்தான். மேலே தள்ளினால் தண்ணீர் பிளஸ், கீழே தள்ளினால் தண்ணீர் மைனஸ், நடுவில் ஆஃப். இரண்டாம் நம்பர் தட்டில் மேலே தள்ளினேன். எண்ணெய் படக்கென்று ஒதுங்கி வெள்ளை தெரிந்தது. ஆய்வகத்தில் நானும் இறுதியாண்டு மாணவன் ஒருவனும் மட்டும். இரண்டு பேரும் கைதட்டினோம். நடுவுக்குக் கொண்டுவந்தேன். எண்ணெய் திரும்பவில்லை. பாதி வெள்ளையாகவே நின்றது. ஒரு நிமிடம் கழித்துத்தான் தயங்கித் தயங்கி மூடியது.

இதைப் பற்றி நான் ஏற்கெனவே படித்திருந்தேன். 1999-இல் பெர்ஹையன், பிரின்ஸ் என்ற இருவர் எழுதிய கட்டுரை: தண்ணீரில் உள்ள அயனிகள் காப்புப் பூச்சுக்குள் புகுந்து தங்கிவிடும், தங்கிய சார்ஜ் நாம் கொடுக்கும் வோல்டேஜில் ஒரு பங்கை விழுங்கிவிடும். உடனே முடிவுகட்டிவிட்டேன், 'சார்ஜ் மாட்டிக்கொண்டது' என்று. படித்தது கண்ணை மறைத்தது. பத்து நாள் அந்தத் தட்டையும் அடுத்ததையும் கழற்றி, கழுவி, ஹாட் பிளேட்டில் வைத்து, மறுபடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அதே பாதி வெள்ளை.

பதினொன்றாம் நாள் மாணவன்தான் கண்டுபிடித்தான். சுவிட்ச் நடுவில், எண்ணெய் பாதியில் நிற்கிறது. மிச்சம் எத்தனை வோல்ட் என்று பார்ப்போம் என்று மீட்டர் முனைகளை இரண்டு கிளிப்பிலும் வைத்தான். மீட்டர் பூஜ்யம் காட்டியது. நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மைக்ராஸ்கோப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், மூடிருச்சு சார்."

"எப்போ?"

"மீட்டர் வச்ச உடனே சார். மறுபடி ஒரு வாட்டி ஆன் பண்ணுங்களேன்."

ஆன், ஆஃப். எண்ணெய் பாதியில் நின்றது. அவன் முனையைக் கிளிப்பில் தொட்டான். நீலம் ஒரே விரிப்பாக விரிந்து துளையை மூடியது. ஏழெட்டு தடவை செய்து பார்த்தோம். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

செல் என்பதே ஒரு கப்பாசிட்டர். சுவிட்ச் நடுவில் இருந்தால் இரண்டு முனையும் அந்தரத்தில் நிற்கின்றன. வெளியே போக வழியில்லாமல் சார்ஜ் அப்படியே இருக்கிறது. மீட்டரின் உள்தடை 10 மெகாஓம். 600 பிக்கோஃபாரட்டோடு அது சேர்ந்தால் சில பத்து மில்லி நொடியில் எல்லாம் வடிந்துவிடும். அளக்கப் போன மீட்டரே காலிசெய்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று காட்டுகிறது. பூச்சுக்குள் எதுவும் மாட்டவில்லை, வாசலைத்தான் நான் அடைத்து வைத்திருந்தேன். செல்லுக்குக் குறுக்கே 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தேன். கடையில் ஒரு ரூபாய்கூட ஆகாது. அன்றிலிருந்து ஆஃப் செய்தால் எண்ணெய் உடனே மூடுகிறது.

நிஜமான பிரச்சினை அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. ஆஃப் ஆனதும் மூடுகிறது, சரி. ஆனால் ஆனில் வைத்திருந்தால் நிற்கவில்லை. 30 வோல்ட்டில் வெள்ளை ஒரு நிமிடத்துக்குள்ளேயே பாதிக்கு இறங்கியது. வோல்டேஜ் அதேதான். எண்ணெய் மட்டும் ஓரத்திலிருந்து கள்ளத்தனமாக நடுப்பக்கம் வருகிறது.

இங்கேயும் ஒரு தப்பு வழி. இதற்குப் பாதிக் காரணம் சாயம். நான் போட்டிருந்தது மெழுகுவர்த்திக்குப் போடும் நீலச் சாயம். ரேஷன் மண்ணெண்ணெய் நிறத்தில் அழகாக இருந்தது. அதில் என்னென்ன உப்பு கலந்திருக்குமோ தெரியாது. சாயம் கலந்த டோடெக்கேனைப் பிரிபுனலில் வாலைவடிநீர் ஊற்றி மூன்று முறை குலுக்கிக் கழுவினேன். முதல் தண்ணீரில் கண்டக்டிவிட்டி மீட்டர் முள் நன்றாகவே ஏறியது. மூன்றாவதில் வெறும் தண்ணீர் அளவுதான். கழுவிய எண்ணெயை இரண்டு நாள் கால்சியம் குளோரைடில் போட்டு ஈரம் எடுத்தேன். அந்த ஒரு நிமிடச் சரிவு போய்விட்டது. மிஞ்சியது மெதுவான சரிவு. நான் தேடிக்கொண்டிருந்த ஆள் இதுதான்.

இதைப் பிடிக்க முதலில் ஒரு அளவுகோல் தேவைப்பட்டது. புதுத் தட்டு, எண் நாலு. ஒவ்வொரு வோல்ட்டிலும் இரண்டு நொடி மட்டும் வைத்துப் படம் எடுத்து, இமேஜ்ஜே மென்பொருளில் வெள்ளைப் பரப்பை எண்ணினேன். 16 வோல்ட் வரை ஒன்றுமில்லை. 16-இல் எண்ணெய்ப் படலம் கிழிகிறது. 20-இல் 28 சதவீதம், 24-இல் 44, 27-இல் 53, 30-இல் 62. பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் இதே எண்கள், ஒன்றிரண்டு சதவீதம் முன்பின்னாக.

அடுத்து, தண்ணீர் பிளஸ்ஸில் 30 வோல்ட் வைத்து 20 நிமிடம் விட்டேன். 62 மெல்ல இறங்கி 53. தட்டை ஹாட் பிளேட்டில் வைத்து எடுத்து, புது எண்ணெய் விட்டு, இந்த முறை தண்ணீர் மைனஸ். 20 நிமிடத்தில் 44-க்கு வந்துவிட்டது. அளவுகோலைப் பார்த்தால் 53 என்பது 27 வோல்ட்டின் எண், 44 என்பது 24 வோல்ட்டின் எண். அதாவது பிளஸ்ஸில் 3 வோல்ட்டையும் மைனஸில் 6 வோல்ட்டையும் ஏதோ ஒன்று தின்றிருக்கிறது.

எண்ணெய் கசிந்ததாலோ வேறெதாலோ பரப்பு குறைந்திருக்கலாம் என்ற சந்தேகமும் இருந்தது. அதைத் தீர்க்கச் சுவிட்சைத் திருப்புவதைவிட நல்ல சோதனை இல்லை. மைனஸில் 20 நிமிடம் கிடந்து 44-க்கு இறங்கிய அதே செல்லில், சட்டென்று சுவிட்சைப் பிளஸ்ஸுக்கு மாற்றினேன். எண்ணெய் சுருண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டது. வெள்ளை 71. எந்தப் புதுத் தட்டும் 30 வோல்ட்டில் 71 கொடுத்ததில்லை. முன்பு எதிரே நின்ற 6 வோல்ட் இப்போது என் பக்கம் சேர்ந்து 36 ஆகிவிட்டது. ஐந்தாறு நிமிடத்தில் அதுவும் இறங்கத் தொடங்கியது. கசிவாக இருந்திருந்தால் திருப்பினாலும் 44-தான் இருந்திருக்கும்.

இதையே படலம் கிழியும் வோல்ட்டை வைத்தும் பார்த்தேன். பூஜ்யத்திலிருந்து −30 பக்கமும் +30 பக்கமும் 2 வோல்ட் படிகளாக ஏறினேன். புதுத் தட்டில் −16-இலும் +16-இலும் கிழிந்த படலம், இப்போது −22-இலும் +10-இலும் கிழிந்தது. நடுப்புள்ளி −6. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தபோது, நாலு மாதத்தில் முதல் முறையாக ஒரு எண்ணை நம்பினேன். மேலே எடுத்துவைத்த சதுர செ.மீ.க்கு 2.1 நானோஃபாரட்டோடு 6-ஐப் பெருக்கினால், பூச்சில் தங்கியது சதுர செ.மீ.க்குக் கிட்டத்தட்ட 13 நானோகூலம், மைனஸ் பக்கம்.

பழைய பத்து நாள் பைத்தியக்காரத்தனத்துக்கும் இதிலேயே விடை இருந்தது. தங்கிய சார்ஜ் 6 வோல்ட் அளவுதான். படலம் கிழியவே 16 வேண்டும். ஆஃப் செய்த பிறகும் எண்ணெயைப் பாதியில் நிறுத்திவைக்கிற பலம் அதற்கு ஏது? இந்த எண் முதலிலேயே கையில் இருந்திருந்தால் சுவிட்சைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

தங்கியதை வெளியேற்ற இரண்டு வழி பார்த்தேன். இரண்டு முனையையும் ஷார்ட் செய்து ராத்திரி முழுக்க விட்டால் −6 என்பது −4 ஆகிறது, அவ்வளவுதான். எண்ணெய், தண்ணீர் எடுத்துவிட்டு 170 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் நடுப்புள்ளி பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. 2 வோல்ட் படியில் அளப்பதால் ஒரு வோல்ட் முன்பின் இருக்கலாம். திரையைக் கழற்றி அடுப்பில் வைத்து எடுத்து யாரும் பயன்படுத்தப் போவதில்லை. ஆகவே தங்கவிடாமல் செய்வதுதான் வழி.

தண்ணீருக்குப் பதில் கிளைக்கால் ஊற்றிப் பார்த்தோம். பெரிய மூலக்கூறு, பூச்சின் நுண்துளைகளில் சுலபமாக நுழையாது என்று படித்தது. மாணவன் உற்சாகத்தில் கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் பச்சைக் கூலன்ட்டைக் கொண்டுவந்தான். அதிலும் கிளைக்கால்தானே என்று. அதிலுள்ள துருத் தடுப்பு உப்புகளும் சாயமும் சேர்ந்து எண்ணெயையே நுரைக்கவைத்துவிட்டன. ஆய்வகத் தர எத்திலீன் கிளைக்காலில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு மறுபடி செய்தோம். 11 வோல்ட்டிலேயே படலம் கிழிந்தது. 22-இல் 60 சதவீதம் வெள்ளை. 20 நிமிடம் மைனஸில் வைத்ததில் நகர்வு 2 வோல்ட்தான். ஆனால் இதை வைத்துக் கிளைக்காலுக்கு மாலை போட முடியாது. 22 வோல்ட் என்பதாலேயே பூச்சின் மேல் அழுத்தம் குறைந்திருக்கிறது. நகர்வு குறைந்தது திரவத்தாலா வோல்ட்டாலா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. தவிர, கிளைக்கால் கொழகொழப்பு. தண்ணீரில் படக்கென்று நடந்தது இதில் சோம்பல் முறிக்கிற மாதிரி நடக்கிறது.

கடைசியாகப் பிடித்தது ஏ.சி. ஒரு பக்கமே இழுத்தால்தானே அயனி உள்ளே போய்த் தங்கும். நொடிக்கு நூறு முறை பக்கம் மாற்றினால்? எண்ணெய்க்குப் பிளஸ் மைனஸ் பேதம் கிடையாது, வோல்ட்டின் அளவு போதும்.

மோட்டார் ஓட்டும் எல்298என் போர்டு 46 வோல்ட் வரை தாங்கும், பக்கம் மாற்றும், 180 ரூபாய்தான். ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் போர்டால் அதை ஆட்டினேன். வாங்கியவுடன் 30 வோல்ட்டை மாட்டியதில் பத்து நொடியில் புகை. அந்தப் போர்டில் 5 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்று ஜம்பரோடு இருக்கும். 12 வோல்ட்டுக்கு மேல் கொடுப்பதானால் ஜம்பரைக் கழற்றிவிட்டு 5 வோல்ட்டைத் தனியாகக் கொடுக்க வேண்டும். மாணவர்களுக்கு வருடாவருடம் நான் சொல்லும் பாடம் இது. இன்னொரு 180.

5 ஹெர்ட்ஸில் எண்ணெய் ஒவ்வொரு திருப்பத்துக்கும் துடித்தது. 50-இல் ஓரம் மட்டும் லேசாக நடுங்கியது. 200-இல் அசைவே இல்லை. அங்கேயே வைத்து ராத்திரி ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் நடுப்புள்ளி 2 வோல்ட் நகர்ந்திருக்கிறது! ஏ.சி.யிலுமா என்று தலையில் கைவைத்துக்கொண்டு, மீட்டரை டி.சி.யில் வைத்துச் செல் முனைகளில் பார்த்தேன். 1.2 வோல்ட். நான் எழுதிய நிரலில் ஒரு பக்கம் 52 சதவீத நேரமும் மறுபக்கம் 48-ஆகவும் ஓடிக்கொண்டிருந்தது. மிச்ச 4 சதவீதம் 30 வோல்ட்டில் 1.2 டி.சி. ஆகிறது, அது ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக வேலை பார்த்திருக்கிறது. டிலே கட்டளைகளைத் தூக்கிவிட்டு டைமர் இன்டரப்ட்டுக்கு மாற்றினேன். மீட்டரில் டி.சி. 0.02-க்குக் கீழே இறங்கியது. போன சனிக்கிழமை ஆறு மணி நேரம் ஓடியது இந்த நிலையில்தான்.

200 ஹெர்ட்ஸ் ஒரு பிக்சலுக்குச் சும்மா. 100 சதுர செ.மீ. திரைக்கு இந்தப் பூச்சைப் போட்டால் கப்பாசிட்டன்ஸ் 210 நானோஃபாரட். 30 வோல்ட்டில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் சுமார் 0.38 மில்லி ஜூல். நொடிக்கு 400 திருப்பம் என்றால் கிட்டத்தட்ட 0.15 வாட், படம் அசையாமல் நின்றாலும்கூட. பத்தே திருப்பமென்றால் 4 மில்லி வாட்டில் முடிந்துவிடும், ஆனால் கண்ணுக்குத் துடிப்பு தெரியும். மின்தாள் என்று பெயர் வைத்துக்கொண்டு பேட்டரியைக் குடிக்கக் கூடாதே. சார்ஜைத் தங்கவிடாமல் விரட்டுவதற்கு மின்சாரத்தில் வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறது.

செலவு: ஐ.டி.ஓ. கண்ணாடி பத்துத் துண்டு 2,600, யூ.எஸ்.பி. மைக்ராஸ்கோப் 1,450, டோடெக்கேன் 100 மில்லி 1,900, கிளைக்கால் 420, மோட்டார் போர்டு இரண்டு (ஒன்று தகனம்) 360, நானோ 350, காப்டன் டேப் 150. மொத்தம் 7,230 ரூபாய். டெஃப்லான் கரைசல் இனாம். அதற்கு விலை போட்டால் இந்தக் கணக்கு வேறு மாதிரி இருக்கும்.

அடுத்த தட்டில் மாற்றப்போவது இரண்டு. பஞ்ச் கருவியால் அடித்த வட்டத் துளையில் எண்ணெய் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் ஒதுங்குகிறது. பிளேடால் சதுரமாக வெட்டி ஒரு மூலையை மட்டும் லேசாகக் கூராக்கிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, காப்டனின் சிலிக்கோன் பசை. இரண்டு வாரம் எண்ணெயில் ஊறிய நாலாம் நம்பர் தட்டில் துளை ஓரத்தில் பசை உப்பி, நகத்தால் தொட்டால் வழுக்குகிறது. வெள்ளை 62-இலிருந்து 60 ஆனதில் சார்ஜுக்கு எவ்வளவு, பசை குடித்த எண்ணெய்க்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டுமானால் சுவருக்கு வேறு பொருள் தேட வேண்டும். பி.சி.பி. கடையில் பச்சை நிற யூ.வி. சால்டர் மாஸ்க் மை ஒரு டியூப் வாங்கி வைத்திருக்கிறேன். டெஃப்லான் மேல் அது நிற்குமா என்று ஏழாம் நம்பர் தட்டில் பார்க்க வேண்டும். கரைசல் இன்னும் 3 மில்லி சொச்சம் இருக்கிறது.